வார்மின்ட் வேட்டைக்கு மலிவான ரைஃபிள், சரியான கேலிபர்: முழு வழிகாட்டி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர் வளர்க்கும் விவசாயிக்குத் தரை அணில் தீராத தலைவலி. மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவருக்கு பிரெய்ரி டாக். ஆட்டுக்குட்டியும் கன்றும் வளர்ப்பவருக்கு கயோட்டி என்ற நரி போன்ற காட்டு விலங்கு. பயிரையும் கால்நடையையும் பதம் பார்க்கும் இந்த விலங்குகளை அங்கே மொத்தமாக வார்மின்ட் என்பார்கள். நிலத்துக்காரரின் அனுமதியோடு இவற்றைத் தொலைவிலிருந்து சுடுவது பல மாநிலங்களில் சட்டப்படியான வேட்டை. மான் வேட்டைக்குப் போகிறவர் ஒரு சீசனில் ஒன்றிரண்டு தோட்டாவோடு வேலையை முடித்துவிடுவார். பிரெய்ரி டாக் சுடப் போகிறவர் ஒரே நாளில் 200 தோட்டா தீர்ப்பது சாதாரணம். துப்பாக்கி வாங்கும் கணக்கையே மாற்றுவது இந்த ஒரு வித்தியாசம்தான்.

ரைஃபிளுக்கு ஒரு முறை காசு கொடுக்கிறோம். தோட்டாவுக்கு விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கொடுக்கிறோம். மலிவாகக் கிடைத்தது என்று பிரிண்டர் வாங்கிவிட்டு, இங்க் வாங்கியே நொந்துபோன கதை இங்கேயும் நடக்கும். ஆகவே வரிசை இப்படி: சட்டம், விலங்கும் தூரமும், கேலிபர் (துப்பாக்கி எந்த வகைத் தோட்டாவைச் சுடும் என்பது), அதன் பிறகு ரைஃபிள், கடைசியாக ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). கடைக்குள் நுழைந்ததும் பெரும்பாலானோர் ரைஃபிளைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். உண்மையில் அது நான்காவது வேலை.

## 1. உங்களால் வாங்க முடியுமா?

அமெரிக்கத் தமிழர்களில் பலர் எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 விசாக்களில் இருப்பவர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் தடை செய்கிறது. இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதற்கென்றே கேள்வி இருக்கிறது. உரிமத்தைக் காட்டச் சொல்வார்கள். உரிமம் காலாவதியாகிவிட்டால், வீட்டு லாக்கரில் சும்மா இருக்கும் ரைஃபிளே உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். நண்பரின் துப்பாக்கியைப் பயிற்சித் திடலில் (ரேஞ்ச்) வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் ‘வைத்திருப்பது’ என்ற கணக்கில் வரக்கூடியதே. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வாங்க நினைப்பவர் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

உரிமம் எடுக்கப் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். டெக்சஸை எடுத்துக்கொண்டால், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அனைவருக்கும் இது பொருந்தும். கட்டாயம் என்பதற்காக இல்லாவிட்டாலும் போய் வாருங்கள். துப்பாக்கியை வாழ்நாளில் தொட்டே இராதவருக்கு அதைவிட மலிவான பாடம் வேறு கிடைக்காது. கலிஃபோர்னியாவில் வேட்டையாடுவதாக இருந்தால் இன்னொன்று: 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த விலங்கைச் சுடுவதற்கும் ஈயம் இல்லாத குண்டுதான் பயன்படுத்த வேண்டும். இது கேலிபர் தேர்வையே பாதிக்கும், கீழே வருகிறேன்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் இதை அப்படியே நம்மூருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே இத்தகைய வேட்டைக்கு இடம் தருவதில்லை.

## 2. எந்த விலங்கு, எவ்வளவு தூரம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கேலிபர் பேசுவது வீண்பேச்சு.

ஓரிகானிலும் வடகிழக்குக் கலிஃபோர்னியாவிலும் பெல்டிங் தரை அணில், மொன்டானாவில் ரிச்சர்ட்சன் தரை அணில். நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம்தான். பெரும்பாலும் 150 கஜத்துக்குள் சுடுவார்கள். தெற்கு டகோட்டா, வயோமிங் பக்கம் கருவால் பிரெய்ரி டாக். நாயோடு சம்பந்தம் இல்லை, அணில் குடும்பம். இரண்டு மூன்று பவுண்டு எடை, நின்றால் சுமார் மூன்று அங்குல அகலம். காலையில் 100 கஜத்தில் வளையின் மேல் உட்கார்ந்திருக்கும். நாலு சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும். மதியத்துக்கு மேல் 250, 300 கஜம் தள்ளி இருப்பவைதான் மிஞ்சும். பென்சில்வேனியா, நியூயார்க் வைக்கோல் வயல்களில் வுட்சக் என்ற பெரிய அணில் வகை. அது இன்னும் கனமானது, பிரெய்ரி டாக் போலக் கூட்டமாக இருக்காது, ஒரு மாலையில் இரண்டு மூன்று கிடைத்தாலே பெரிது. கயோட்டி நாடு முழுக்க உண்டு. 20 முதல் 50 பவுண்டு எடை. அதற்கு நூற்றுக்கணக்கில் தோட்டா தேவையில்லை. வருகிற ஒன்றை ஒரே குண்டில் வீழ்த்தும் பலம் தேவை.

துல்லியத்தை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். 100 கஜத்தில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம், 200இல் இரண்டு, 300இல் மூன்று. ஒரு ரைஃபிள் ‘1 எம்.ஓ.ஏ.’ என்றால், அது சுடும் குண்டுகள் 300 கஜத்தில் மூன்று அங்குல வட்டத்துக்குள் விழும் என்று பொருள். பிரெய்ரி டாகின் அகலமும் மூன்று அங்குலம். அதாவது காற்றே இல்லாத நாளில், நீங்கள் கொஞ்சமும் தவறு செய்யாதபோது, ஒரு எம்.ஓ.ஏ. துப்பாக்கிக்கு 300 கஜம்தான் எல்லை. 2 எம்.ஓ.ஏ. துப்பாக்கி என்றால் 150. மான் வேட்டைக்கு 2 எம்.ஓ.ஏ. தாராளமாகப் போதும், இங்கே போதாது. மலிவான ரைஃபிள் தேடும்போது மற்ற எதில் சமரசம் செய்தாலும் இதில் மட்டும் செய்யக் கூடாது.

## 3. கேலிபர்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

முதலில் .22 எல்.ஆர். 1887இல் வந்தது, இன்றும் உலகிலேயே மலிவான தோட்டா. ஒன்று 10 சென்ட் பக்கம் கிடைக்கும். 40 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, வினாடிக்கு சுமார் 1,200 அடி வேகம். 75 கஜம் வரை தரை அணிலுக்கு அருமை. 100 கஜத்தைத் தாண்டினால் குண்டு வளைந்து விழும் விதமும் காற்று தள்ளும் விதமும் பொறுமையைச் சோதித்துவிடும். எந்தக் கேலிபர் வாங்கினாலும் பக்கத்தில் ஒரு .22 இருப்பது பயிற்சிக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் வார்மின்ட்டுக்கு அது ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து .17 எச்.எம்.ஆர். ஹார்னடி நிறுவனம் 2002இல் கொண்டுவந்தது. .22 மேக்னத்தின் கூட்டை எடுத்து, அதன் கழுத்தைச் சுருக்கி 17 கிரெய்ன் குண்டைப் பொருத்தினார்கள். வேகம் 2,550 அடி. 100 கஜத்தில் ஜீரோ செய்தால், அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்தால், 150 கஜத்தில் இரண்டரை அங்குலம்தான் இறங்கும். தோளில் பின்னுதைப்பு துளியும் கிடையாது. சுட்ட பிறகும் ஸ்கோப்பில் விலங்கு அப்படியே தெரியும். தோட்டா ஒன்று 25 முதல் 35 சென்ட். தரை அணில் வயலுக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பலவீனம் காற்று: மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடித்தால் 100 கஜத்திலேயே நாலு அங்குலம் போல நகரும், அணில் இரண்டு அங்குலம்தான். கயோட்டிக்கு இதை நம்பிப் போக வேண்டாம். காயத்தோடு ஓடவிடுவது வேட்டை ஆகாது.

.22 மேக்னம், .17 டபிள்யூ.எஸ்.எம். இரண்டும் இந்தப் பக்கத்துச் சொந்தங்களே. முன்னது பழையது, 100 கஜத்துக்குள் சற்றுக் கனமான விலங்குக்கு நல்லது. பின்னது 20 கிரெய்ன் குண்டை 3,000 அடி வேகத்தில் அனுப்பும். ஆனால் கடைக்குக் கடை கிடைக்காது, ரைஃபிளிலும் தேர்வு குறைவு. மேலே சொன்ன நான்கும் ரிம்ஃபயர் வகை, அதாவது கூட்டின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கவைப்பவை. சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது.

இப்போது .223 ரெமிங்டன். 1960களில் அமெரிக்க ராணுவத்தின் எம்-16 துப்பாக்கியோடு வளர்ந்த கேலிபர். 55 கிரெய்ன் குண்டு, 3,240 அடி வேகம். 200 கஜத்தில் ஜீரோ செய்தால் 300 கஜத்தில் ஏழு அங்குலம் இறங்கும். அதே தூரத்தில் 10 மைல் குறுக்குக் காற்றில் சுமார் பத்து அங்குலம் நகரும். இதைவிட வேகமானவை, தட்டையாகப் பறப்பவை எத்தனையோ உண்டு. ஆனாலும் இதன் அருகில் எதுவும் வர முடியாத இடம் ஒன்று இருக்கிறது: எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ராணுவப் பயன்பாட்டாலும், எம்-16இன் பொதுமக்கள் வடிவமான ஏ.ஆர்.-15 துப்பாக்கிகளாலும் இது கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. பயிற்சித் தோட்டா 50 சென்ட் பக்கம், நல்ல வார்மின்ட் தோட்டா 80 சென்டிலிருந்து ஒரு டாலர் சொச்சம். பேரல் சீக்கிரம் தேயாது. தரை அணில் முதல் கயோட்டி வரை எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்றால் யோசிக்க வேண்டியதே இல்லை.

.204 ரூகர் 2004இல் வந்தது. 32 கிரெய்ன் குண்டு 4,225 அடி வேகத்தில் போகும். 200 கஜத்தில் ஜீரோ செய்தால் 300இல் நாலு அங்குலம்தான் இறக்கம். பிரெய்ரி டாகுக்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும். சுட்டவர்கள் அதை விட்டு வர மாட்டார்கள். ஆனால் தோட்டா விலை .223ஐவிட அதிகம், தட்டுப்பாடு வரும் காலத்தில் அலமாரியிலிருந்து முதலில் காணாமல் போவதும் இதுதான்.

.22-250 ரெமிங்டனை அந்த நிறுவனம் 1965இல் முறையாக விற்பனைக்குக் கொண்டுவரும் முன்பே துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் பல்லாண்டுகளாகத் தாங்களே செய்து பயன்படுத்திவந்தார்கள். 50 கிரெய்ன் குண்டு 3,800 அடி வேகம். 300, 350 கஜக் கயோட்டிக்கு இதன் பலம் தனி. விலை ஒன்றரை டாலரிலிருந்து மேலே. வெடிமருந்து அதிகம் எரிவதால் பேரலின் தொண்டைப்பகுதி (தோட்டா அமரும் அறையை அடுத்த இடம்) சூட்டில் சீக்கிரம் அரிக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து படபடவென்று சுடும் பிரெய்ரி டாக் வேட்டைக்கு இது தோதில்லை. 1935இல் வந்த .220 ஸ்விஃப்டும் இதே ரகம். அதைப் புதியவர் கடந்து போகலாம்.

.243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. வாங்கக் காரணம் ஒன்றுதான்: அதே ரைஃபிளால் மானும் சுட வேண்டும். 58 கிரெய்ன் குண்டில் வார்மின்ட், 100 கிரெய்ன் குண்டில் மான். தினம் 200 சுட்டால் தோளும் பர்ஸும் இரண்டும் வலிக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 200 தோட்டா தீரும் ஒரு நாளுக்கு .22 எல்.ஆர். என்றால் 20 டாலர்; .17 எச்.எம்.ஆர். என்றால் 60; .223 என்றால் 160; .22-250 என்றால் 320. .223க்கும் .22-250க்கும் நடுவில் ஒரே நாளில் 160 டாலர் இடைவெளி. இரண்டு நாள் போய் வந்தால் அந்த மிச்சத்தில் ஒரு நல்ல ஸ்கோப்பே வாங்கிவிடலாம். தோட்டா விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்; ஆனால் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு: 150 கஜத்துக்குள் தரை அணில் மட்டும் என்றால் .17 எச்.எம்.ஆர். மற்ற எல்லாவற்றுக்கும் .223. மூன்றாவது பதில் தேடுகிறவர் ஏற்கெனவே ஒரு .223 வைத்திருப்பவராக இருக்கட்டும்.

## 4. ட்விஸ்ட், குண்டு, அறை

பேரலின் உள்ளே திருகு போல் ஓடும் பள்ளம்தான் குண்டைச் சுழலவைக்கிறது. 1:12 என்றால் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் சிறுத்தால் சுழற்சி வேகம். 40 முதல் 55 கிரெய்ன் வரை குட்டையான குண்டுக்கு 1:12 போதும். 69, 75 கிரெய்ன் நீளக் குண்டுக்கு 1:9, 1:8 வேண்டும். சுழற்சி குறைந்தால் நீளமான குண்டு நிலைகுலைந்து, காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துளை வடிவில் கிழிக்கும். இங்கே எடையைவிட நீளமே முக்கியம். ஈயத்தைவிடச் செம்பு இலேசான உலோகம் என்பதால், அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும். கலிஃபோர்னியாக்காரர்கள் 1:12 பேரல் உள்ள பழைய .223ஐ வாங்கும் முன் யோசிக்கச் சொல்வது இதனால்தான். .223இல் 1:9 அல்லது 1:8 வாங்கினால் எல்லாப் பக்கமும் சமாளிக்கலாம்.

குண்டைப் பொறுத்தவரை வார்மின்ட்டுக்கென்று மெல்லிய உறையும் பிளாஸ்டிக் நுனியும் கொண்டவை தனியாகவே இருக்கின்றன. ஹார்னடி வி-மேக்ஸ், நோஸ்லர் பாலிஸ்டிக் டிப், சியரா பிளிட்ஸ்கிங் ஆகியவை பெயர் பெற்றவை. பட்டவுடன் சிதறிவிடும். விலங்கு தவிக்காமல் உடனே இறக்கும். குறி தவறி மண்ணில் பட்டாலும் குண்டு உடைந்துபோகும், எகிறிப் பறக்கும் வாய்ப்பு குறைவு. மலிவு என்று முழுச் செம்பு உறை போட்ட ராணுவ ரகத் தோட்டாவைக் காட்டுக்குக் கொண்டுபோனால் இந்த இரண்டு நன்மையும் போய்விடும். அதை ரேஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. .223 ரெமிங்டனும் 5.56 நேட்டோவும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 5.56 அறையுள்ள துப்பாக்கியில் .223 சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் 5.56 சுடக் கூடாது. அறையின் முன்பகுதி குட்டை என்பதால் அழுத்தம் எல்லை மீறலாம். பேரலின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்பதே கடைசி வார்த்தை, கடைக்காரர் சொல்வது அல்ல.

## 5. ரைஃபிள்: கடைக் கவுன்ட்டரில் என்ன பார்ப்பது?

மலிவு விலையில் போல்ட் ஆக்‌ஷன்தான் துல்லியத்துக்கு நல்ல வழி: ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற கைப்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை இது. ஏ.ஆர்.-15 ஏற்கெனவே வைத்திருந்தால், அது துல்லியமாகச் சுடுமானால், அதையே கொண்டுபோகலாம். அதற்கு மாநிலச் சட்டம் இடம் தர வேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் கட்டுப்பாடு கடுமை. புதிதாக வாங்குபவருக்குப் போல்ட் இன்னொரு நன்மையும் செய்கிறது: ஒவ்வொரு குண்டுக்கும் நின்று நிதானிக்க வைக்கும்.

400 முதல் 600 டாலருக்குள் சாவேஜ் ஆக்ஸிஸ் 2, ரூகர் அமெரிக்கன், மாஸ்பர்க் பேட்ரியட் மூன்றையும் எங்கும் பார்க்கலாம். ஆக்ஸிஸின் பிளாஸ்டிக் ஸ்டாக் (பேரலைத் தாங்கும் கட்டை) மட்டமானது. ஆனால் பேரலைக் குறை சொல்ல முடியாது. ஆக்ஸிஸ் 2இல் வரும் அக்யூட்ரிகர் என்ற விசையை நாமே இலேசாக்கிக்கொள்ளலாம் என்பது இந்த விலையில் பெரிய விஷயம். தடித்த பேரல் போட்ட வகையும் இருக்கிறது. ரூகர் அமெரிக்கன் பிரெடேட்டர் .223இல் 1:8 ட்விஸ்ட், நடுத்தரத் தடிமன் பேரல். இரண்டில் எது என்றால் நான் ரூகர் பக்கம் சாய்வேன், போல்ட் திறக்கும் கோணம் சின்னது என்பதால் ஸ்கோப்பில் கை இடிக்காது. சற்றுக் கூடுதலாக முடிந்தால் ஜப்பானில் தயாராகும் ஹோவா 1500. அதற்கும் மேலே பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் இருக்கிறது; சுகமான துப்பாக்கி, ஆனால் நம் தலைப்பு அதைத் தாங்காது. ரிம்ஃபயரில் சாவேஜின் .17கள், ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் மலிவு. செக் நாட்டின் சி.இசட். 457 கொஞ்சம் விலை, வாங்கினால் மறுபடி வாங்க வேண்டியிருக்காது.

கையில் எடுத்ததும் முதலில் போல்டைத் திறந்து அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத் தந்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். பிறகு ஒரு டாலர் நோட்டை நீளவாக்கில் மடித்து, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் நுழைத்து அறைப்பக்கம் வரை இழுங்கள். எங்கும் மாட்டாமல் போக வேண்டும். மாட்டுகிற இடத்தில் ஸ்டாக் பேரலைத் தொடுகிறது. பேரல் சூடேற ஏறக் குண்டுகள் ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். அடுத்து ஸ்டாக்கின் முன்பகுதியையும் பேரலையும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மலிவு பிளாஸ்டிக் என்றால் வளைந்து பேரலில் முட்டும். பைபாட் (இரட்டைக்கால் தாங்கி) மாட்டிச் சாய்ந்து சுடும்போதும் அதுவேதான் நடக்கும். கொஞ்சம் வளைவதை மணல்மூட்டையில் வைத்துச் சுட்டுச் சமாளிக்கலாம், நோட்டு மாட்டினால் அடுத்த துப்பாக்கியைக் கேளுங்கள்.

விசையைப் பார்க்க, கேட்டுவிட்டு, பாதுகாப்பான திசையில், காலி அறையோடு இழுங்கள். ஊர்ந்து ஊர்ந்து போகக் கூடாது. கண்ணாடிக் குச்சி ஒடிவது போல் சட்டென்று விட வேண்டும். மூன்று பவுண்டு பக்கம் இருந்தால் நன்று. பல ரிம்ஃபயர்களைக் காலி அறையில் சொடுக்கினால் அறையின் விளிம்பு சேதமாகும், கேட்காமல் செய்ய வேண்டாம்.

பேரல் தடிமன் பற்றி ஒரு வரி. நடந்து திரிந்து, சத்தம் எழுப்பிக் கயோட்டியை அருகே வரவழைப்பவருக்கு மெல்லிய பேரல். ஒரே இடத்தில் அமர்ந்து பிரெய்ரி டாக் சுடுபவருக்குத் தடித்தது. தடித்த பேரல் அதிகத் துல்லியம் என்பது பாதி உண்மை; அது மெதுவாகச் சூடேறும், அவ்வளவே.

பழைய துப்பாக்கி வாங்கினால் இன்னும் மலிவு. ரெமிங்டன் 700 என்றால் விசையைப் பாருங்கள்: 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை நிறுவனம் 2014இல் திரும்பப் பெற்றது. மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அல்லது புது விசை போடும் செலவை விலையில் கழியுங்கள். பழைய .22-250, .220 ஸ்விஃப்ட் விலை இறங்கியிருந்தால் தொண்டை அரித்திருக்கலாம். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேமரா விட்டுப் பார்க்காமல் பணம் தரக் கூடாது.

## 6. ஸ்கோப்பில் கஞ்சம் வேண்டாம்

ரைஃபிள் 450 என்றால் ஸ்கோப்புக்கு 250 ஒதுக்குங்கள். ரைஃபிளோடு சேர்த்தே விற்கும் ‘பேக்கேஜ்’ ஸ்கோப் மான் வேட்டைக்குப் போதும். மூன்று அங்குல விலங்குக்குப் போதாது. .223க்கு 4-12 அல்லது 6-18 பெருக்கம், .17க்கு 3-9 அல்லது 4-12. பக்கவாட்டிலோ முன்கண்ணாடியிலோ பாரலாக்ஸ் திருத்தும் வசதி இருக்கட்டும். இல்லையென்றால் கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக்கோடு விலங்கின் மேல் நகரும். வோர்டெக்ஸ் க்ராஸ்ஃபயர், டயமண்ட்பேக், லூபோல்ட் வி.எக்ஸ்-ஃப்ரீடம் எல்லாம் நம்பத்தக்கவை. 24 மடங்குப் பெருக்கத்துக்கு ஆசைப்பட வேண்டாம். கோடை மதியத்தில் தெற்கு டகோட்டாப் புல்வெளியை அவ்வளவு பெருக்கிப் பார்த்தால் கானல் அலையில் விலங்கு தண்ணீருக்கடியில் இருப்பது போல் நெளியும்; பத்துக்குக் குறைத்தால்தான் உருவமே நிற்கும்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்குகளின் திருகைக் கையால் ஆன மட்டும் முறுக்குவது தவறு. 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு போதும். முறுக்குவிசை (டார்க்) அளக்கும் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் உதவும். தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

முழுச் செட்டுக்கு: .223 ரைஃபிள் 450, ஸ்கோப் 250, ரிங் 40, மணல்மூட்டையோ பைபாடோ 80, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு 40, முதல் 200 தோட்டா 160. ஆயிரத்து இருபது டாலர். .17 எச்.எம்.ஆர். என்றால் 700க்குள் அடக்கலாம். தோட்டாவை வீட்டில் நிரப்பினால் மிச்சம் என்பார்கள்; உண்மைதான், ஆனால் கருவிகளின் விலை திரும்பி வரவே நாளாகும். முதல் வருடம் அதைத் தொடாமல், சுட்ட .223 கூடுகளை மட்டும் பொறுக்கி வைத்திருங்கள்.

## 7. ஜீரோ செய்வதும் தோட்டாவைத் தேர்வதும்

மூன்று வகை வார்மின்ட் தோட்டா, வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். ஒரே ரைஃபிள் ஒரு தோட்டாவில் முக்கால் அங்குலமும் இன்னொன்றில் இரண்டு அங்குலமும் சுடும். காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எதை விரும்புகிறதோ அதைக் கொடுங்கள்.

போல்டைக் கழற்றி, மணல்மூட்டையில் வைத்து, பேரலின் ஓட்டை வழியாக 25 கஜ இலக்கின் மையத்தைப் பாருங்கள். துப்பாக்கி அசையாமல் ஸ்கோப்பின் கோட்டை அதே மையத்துக்குத் திருப்புங்கள். பிறகு 25 கஜத்தில் ஒன்றிரண்டு சுட்டு, காகிதத்தில் விழுகிறதா என்று உறுதி செய்துகொண்டு 100 கஜத்துக்குப் போங்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ.; 100 கஜத்தில் நாலு கிளிக் ஓர் அங்குலம். 25 கஜத்தில் அதே ஓர் அங்குலத்துக்குப் பதினாறு கிளிக். .223ஐ 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி வைத்தால் 200இல் ஜீரோ ஆகும். அதை 200 கஜத்திலும் சுட்டு உறுதி செய்யுங்கள். .17ஐ 100 கஜத்தில் ஜீரோ செய்தால் போதும்.

ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். மூன்று குண்டு நெருங்கி விழுவது பல நேரம் அதிர்ஷ்டம். செட்டுக்கு நடுவில் பேரலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் போல்டைத் திறந்துவைத்து ஆறவிடுங்கள். வெல்லும் தோட்டாவின் பெட்டி மேல் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்) இருக்கும். அதே எண்ணில் சீசனுக்குப் போதுமான அளவு வாங்கிவிடுங்கள்.

## 8. வயலில்

அனுமதி கேட்கப் போகும்போது துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேலிக் கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விடுங்கள். மாடு எங்கே மேய்கிறது, வீடு எந்தத் திசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். .22 எல்.ஆர். பெட்டியிலேயே, குண்டு ஒன்றரை மைல் வரை ஆபத்து என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல், மேட்டின் உச்சியில் வானத்தோடு தெரிவதைச் சுடவே கூடாது.

பொதுநிலம் என்றால் அதற்குத் தனி விதி. தெற்கு டகோட்டாவில் மார்ச் 1 முதல் ஜூன் 14 வரை பொதுநிலத்தில் பிரெய்ரி டாக் சுட முடியாது, குட்டி போடும் காலம். அங்குள்ள கொனாடா பள்ளத்தாக்கில் எந்தக் காலத்திலும் கூடாது: பிரெய்ரி டாகைத் தின்றே வாழும் கருங்கால் ஃபெரட் அங்கே வாழ்கிறது. அழிந்தேபோனதாக நினைத்திருந்த அந்த விலங்கு 1981இல் வயோமிங்கின் மீட்டீட்ஸி அருகே மீண்டும் தட்டுப்பட்டது. யூட்டா பிரெய்ரி டாக் என்ற தனி இனம் மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்றைச் சுடலாம், மற்றொன்றைச் சுட்டால் குற்றம். எந்த மாவட்டத்தில் எது வாழ்கிறது என்று மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஈயக் குண்டுக்குத் தடை இல்லாத மாநிலத்திலும், செத்த அணிலைத் தின்ன வரும் கழுகுக்கும் பருந்துக்கும் அந்தச் சிதறல் விஷம் என்பதால், விலை கட்டுப்படியானால் ஈயமற்ற குண்டைப் பரிசீலிக்கலாம். பிரெய்ரி டாக் கூட்டங்களில் பிளேக் இன்னும் உண்டு. தெள்ளுப்பூச்சி மூலம் பரவும். செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், வளையின் மேல் உட்காராதீர்கள், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். போய் வந்த சில நாளில் காய்ச்சலும் நெறிகட்டுதலும் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.